பக்கத்தில் நிற்பவரிடம் எப்படிச் சொல்வது? சென்னை பஸ், ரயில் பயணிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சென்னை மாநகரப் பஸ்ஸில் கூட்ட நேரத்தில் முன்படியில் ஏறியவர் டிக்கெட் வாங்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். கண்டக்டர் பின்படிக்குப் பக்கத்தில் தன் சீட்டில் இருப்பார். ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று, “ரெண்டு சைதாப்பேட்டை, பாஸ் பண்ணுங்க” என்ற சொல்லோடு முன்னாலிருந்து கிளம்பும். காதில் ஹெட்போன் மாட்டிய பையன், மடியில் கூடையோடு பூக்காரம்மா, பாதித் தூக்கத்தில் இருந்த பெரியவர் என்று ஏழெட்டுக் கை மாறிக் கண்டக்டரிடம் போய்ச் சேரும். ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்கூட வாய் மாறி வாய் மாறி ஒழுங்காகப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டுக்குள் மடித்து வைத்த சில்லறை அதே வழியில் திரும்பி வரும். யாருக்கும் யாரையும் தெரியாது. காசு நடுவில் காணாமல் போனது என்று சண்டை வந்து பார்ப்பது அபூர்வம்.

அதே பஸ்ஸில்தான் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி போனில் வீடியோ ஓட்டுகிறார். நடுவில் இடம் காலியாக இருக்க, பத்துப் பேர் படியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். “நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது” என்று அலுத்துக்கொள்வது சுலபம். ஆனால் நோட்டைக் கைமாற்றி விட்டவர்களும் இதே ஜனங்கள்தான். அந்த நோட்டு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிறது. வேலை சின்னது. கேட்பவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மற்ற விஷயங்களையும் இதே மாதிரி கேட்டால் பெரும்பாலும் நடக்கும். எப்படிக் கேட்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் சென்னையுடையவை, மதுரைக்கோ கோவைக்கோ வேண்டிய மாற்றங்களை நீங்களே செய்துகொள்ளலாம்.

1. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எரிச்சல் வேறு, இடைஞ்சல் வேறு, ஆபத்து வேறு. சத்தமான போன், வெங்காய மூட்டை வாசனை, ஓயாத அரட்டை எல்லாம் எரிச்சல். வாசலை அடைப்பது, முதுகுப்பையால் இடிப்பது, இறங்குகிறவர்களை விடாமல் ஏறுவது இடைஞ்சல். படியில் தொங்குவது, பெண்களிடம் சீண்டல், குடித்துவிட்டு வம்பு ஆகியவை ஆபத்து.

எரிச்சல் வகையில் பாதியைப் பொறுத்துக்கொண்டு விடுங்கள் என்பேன். நாள் முழுக்க மீன் விற்றுவிட்டு வருகிற அம்மாவிடம் வாசனையைப் பற்றிச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை; அவர் வேறு எதில் போவார்? கேட்டால் உடனே மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயத்தை மட்டும் கேளுங்கள். ஆபத்து வகையை நயமாகப் பேசித் தீர்க்க முடியாது. அதற்குத் தனியாகப் பின்னால் வருகிறேன்.

2. கேட்கத் தயங்காதீர்கள்

1970-களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பினார். உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவரிடம் போய், காரணமே சொல்லாமல், “உங்கள் இடத்தைத் தர முடியுமா?” என்று கேட்க வேண்டும். அடிதான் விழும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கேட்டதில் சுமார் 68 சதவீதம் தடவை இடம் கிடைத்தது. சிலர் எழுந்தே விட்டார்கள், சிலர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கஷ்டப்பட்டது கேட்டவர்கள்தான். வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது என்று மில்கிராமே தன் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. “நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை” என்று ஒரு சொத்தைக் காரணத்தைச் சேர்த்துக் கேட்டபோது, இடம் கிடைத்தது சுமார் 42 சதவீதமாகக் குறைந்துவிட்டது. காரணம் சொன்னால் எதிராளி அதை எடைபோட ஆரம்பித்துவிடுகிறார். அதனால் நிஜமான காரணம் இருந்தால் ஒரே வரியில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சும்மா கேளுங்கள். “ஏன்னா எனக்குத் தலைவலி, நேத்து நைட் ஷிஃப்ட், அதுவும் இல்லாம...” என்று இழுத்தால் காரியம் கெட்டுவிடும்.

3. எப்படிக் கூப்பிடுவது, என்ன சொல்வது

பாதி வேலையை முதல் வார்த்தை முடித்துவிடும். நடுத்தர வயது ஆணுக்கு “சார்” அல்லது “அண்ணா”, காலேஜ் பையனுக்குத் “தம்பி”, பெண்களுக்கு “அக்கா” அல்லது “மேடம்”, வயதானவர்களுக்கு “ஐயா”, “அம்மா”. சந்தேகம் வந்தால் ஒரு படி மரியாதையைக் கூட்டியே கூப்பிடுங்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை “ஆன்ட்டி” என்று கூப்பிட்டுவிட்டு அவரிடம் உதவி எதிர்பார்க்காதீர்கள். “ஹலோ” என்று ஆரம்பித்தால் அது சண்டைக்கான மணி. “யோவ்” பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது வாக்கியம். குறையைச் சொல்லாமல், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். “என்ன சார் இவ்ளோ சத்தம்?” என்பதற்கு அவர் பதில்தான் சொல்ல முடியும். “சார், கொஞ்சம் சவுண்டைக் குறைச்சுக்கிறீங்களா?” என்றால் கை தானாக போனுக்குப் போகும். “இடிக்காதீங்க” என்பதைவிட “தம்பி, பையை முன்னாடி மாட்டிக்கப்பா” என்பது வேலை செய்யும். “கொஞ்சம்” என்ற சொல்லைத் தாராளமாகப் போடலாம்.

பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லுங்கள். நாலு சீட் தள்ளி நின்று சத்தம் போட்டால் மொத்தப் பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். அத்தனை பேர் எதிரில் அவர் பணிந்து போக மாட்டார். நீங்களும் நானும் போக மாட்டோம். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவர் செய்கிறாரா என்று முறைத்துக்கொண்டே நின்றால், செய்ய நினைத்தவர்கூட நிறுத்திவிடுவார். செய்துவிட்டால் “தேங்க்ஸ்ணா” என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

நேரமும் முக்கியம். ஸ்டாப்பில் ஏறும் இறங்கும் தள்ளுமுள்ளுக்கு நடுவில் எதுவும் சொல்லாதீர்கள். வண்டி கிளம்பி, எல்லோரும் கம்பியைப் பிடித்து நிலைகொண்ட பிறகு சொல்லுங்கள்.

4. போன் சத்தம்

இன்றைக்குப் பயணிகள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். சத்தமாக வைப்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை, அதனால் ஒரே மருந்தும் இல்லை.

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருப்பவருக்குச் சத்தம் வருவதே நினைவில் இருக்காது. “சவுண்ட் வருது சார்” என்று தகவல் மாதிரி சொன்னாலே போதும். காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கிறார்கள் என்றால் அது அவர்களுக்குள் கொண்டாட்டம். “நிறுத்து” என்றால் சத்தம் கூடும். அவர்களில் ஓரமாக நிற்கிற அமைதியான பையனைப் பார்த்து, “தம்பி, ஒரு போன் பேசணும், ரெண்டு ஸ்டாப் வரைக்கும் குறைச்சுக்கச் சொல்லேன்” என்று கேளுங்கள். நிஜமாகவே பேச வேண்டியிருந்தால் மட்டும்தான். பொய்க்காரணம் அடுத்த நிமிஷமே பல்லிளிக்கும்.

மூன்றாவது ரகத்தை நாம் கவனிப்பதே இல்லை. போனை வாய்க்கு நேராகத் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசுகிற பெரியவர்கள். பலருக்குக் காது மந்தம். இன்ஜின் இரைச்சலில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. இவர்களிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது பேச்சையே நிறுத்தச் சொல்வது போல. “ஐயா, இறங்கினதும் கூப்பிடறேன்னு சொல்லிடுங்களேன், எல்லாருக்கும் கேக்குது” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். குடும்ப விஷயம் ஊருக்குக் கேட்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலும் தானே வைத்துவிடுவார்கள்.

விதி என்று பார்த்தால், கர்நாடக அரசுப் பேருந்துகளில் 2021-லேயே போனில் சத்தமாகப் பாட்டு, வீடியோ போடுவதற்குத் தடை வந்துவிட்டது. நெடுந்தூர ரயில்களில் இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பேசுவதும் பாட்டுப் போடுவதும் கூடாது என்று 2022-ல் ரயில்வே உத்தரவிட்டது. டிக்கெட் பரிசோதகரிடமே சொல்லலாம். ஆனால் வாயைத் திறந்ததும் விதியை நீட்டாதீர்கள். கேட்டு, மறுத்த பிறகுதான் அது.

5. “உள்ளே போங்க” ஏன் பலிப்பதில்லை

கண்டக்டர் தொண்டை வறளக் கத்தினாலும் படிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் நகர மாட்டார்கள். சுயநலம் என்று சொல்லிவிடலாம், ஆனால் பெரும்பாலும் அது பயம். உள்ளே போய்விட்டால் தன் ஸ்டாப்பில் இறங்க முடியாது என்ற பயம். மாம்பலத்தில், கிண்டியில் மின்சார ரயிலுக்குள் மாட்டிக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் வரை போனவர்களுக்கு இது தெரியும். ஆகவே அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னால்தான் ஆள் நகர்வார்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்து, “எங்க இறங்கணும் சார்?” என்று கேளுங்கள். தாம்பரம் என்றால், “அப்ப உள்ள வாங்க, அங்க ஃப்ரீயா இருக்கு. பல்லாவரம் தாண்டினதும் கூட்டம் குறைஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு நீங்கள் முதலில் நகருங்கள். பொதுவாக “எல்லாரும் உள்ள போங்கப்பா” என்றால் எல்லோரும் தன்னைத் தவிர மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் நகர்ந்தால் அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் தானாக வருவார்.

அதேபோல, உள்ளிருந்து இறங்கப் போகிறவர் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே “கிண்டி இறங்குறீங்களா?” என்று முன்னால் நிற்பவரைக் கேட்கும் பழக்கம் நம் ரயிலில் ஏற்கனவே இருக்கிறது. அருமையான பழக்கம். இறங்காதவர் வழிவிடுவார், இறங்குபவர் வரிசையாவார். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்தப் பக்கம் பிளாட்ஃபாரம் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

6. பை

உட்கார்ந்திருப்பவர் மடியில் நிற்பவரின் பையைக் கொடுப்பது தமிழ்நாட்டுப் பஸ்ஸின் பழைய வழக்கம். பள்ளிப் பிள்ளைகளின் நாலைந்து பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை இன்றும் பார்க்கலாம். லேப்டாப் வந்த பிறகு பெரியவர்கள் பையைக் கொடுக்கக் கூச்சப்படுகிறார்கள். உட்கார்ந்திருப்பவரே, “பையைக் குடுங்க, வச்சுக்கிறேன்” என்று கேட்டுவிட்டால் கூச்சம் போய்விடும். கொடுக்க மனமில்லாவிட்டால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளவோ, காலுக்கு நடுவில் வைக்கவோ சொல்லலாம். மெட்ரோவில் முன்பக்கம் மாட்டுவதே வசதி.

7. இடம் கொடுப்பது

மாநகரப் பஸ்ஸில் இடப்பக்க சீட்டுகள் பெண்களுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆண் உட்கார்ந்திருந்தால் கேட்டால் எழுந்துவிடுவார். சிக்கல் வருவது மற்ற இடங்களில். கைக்குழந்தையோடு ஒருவர் ஏறுகிறார், எல்லோரும் ஜன்னல் வழியே எதையோ தேடுகிறார்கள். நீங்கள் நிற்கிறீர்கள் என்றாலும் அவருக்காக நீங்கள் கேட்கலாம். தனக்காகக் கேட்பதைவிட அடுத்தவருக்காகக் கேட்பது எளிது, மறுப்பதும் கஷ்டம். “தம்பி, அக்கா குழந்தையோட நிக்கிறாங்க, கொஞ்சம் எழுந்துக்கிறியா?” அந்த வரிசையையே பொதுவாகப் பார்த்துச் சொல்லாமல் ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கண்ணை மூடியிருப்பவரை விட்டுவிடுங்கள். நிஜத் தூக்கமோ நடிப்போ, அடுத்தவரைக் கேட்டால் போயிற்று. கேட்டவர் எழவில்லை என்றாலும் அவரைத் திட்டாதீர்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் வலி இருக்கலாம். திடகாத்திரமாகத் தெரிபவர் போன மாதம் அறுவை சிகிச்சை முடித்து வந்தவராக இருக்கலாம். லண்டனில் இப்படி வெளியே தெரியாத உடல்நலக் குறை உள்ளவர்களுக்காகவே 2017-ல் ஒரு பேட்ஜை அறிமுகப்படுத்தினார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டால் விளக்கம் சொல்லாமலே இடம் கேட்கலாம். நம் ஊரில் அது இல்லாததால் வாய்தான் பேட்ஜ்: “எனக்கு உடம்பு சரியில்லை, உக்காரணும்” என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

இதோடு ஒன்று. 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை வைத்து “ஓசி டிக்கெட்டு, இதுல சீட்டு வேற” என்று முணுமுணுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். “அந்தக் காசை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டுது சார்” என்று ஒரு முறை சொன்னால் போதும். பக்கத்தில் ஒரு ஆண் இதைச் சொன்னால் சீக்கிரம் அடங்கும் என்பது வருத்தமான உண்மை.

8. படியில் தொங்கும் பிள்ளைகள்

2012 டிசம்பரில் பெருங்குடி அருகே படியில் தொங்கிய மாணவர்கள் நான்கு பேர் லாரி மோதி இறந்தார்கள். 2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில், வேறு பாதையில் திருப்பிவிடப்பட்ட நெரிசலான மின்சார ரயிலில் தொங்கியவர்கள் பக்கவாட்டுச் சுவரில் மோதி விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டாவதில் பலருக்கு உள்ளே இடமே இருந்திருக்காது. எனவே தொங்குபவரைப் பார்த்ததும் முதல் கேள்வி, இவர் வர இடம் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் உள்ளே நிற்பவர்களிடம் பேச வேண்டும், அவரிடம் அல்ல.

உள்ளே இடம் இருந்தும் தொங்குகிற பையன்கள் வேறு விஷயம். அங்கே “ரூட்டு தல” (அந்தத் தடத்தில் வரும் மாணவர் கோஷ்டியின் தலைவன்) என்ற கெத்து, காலேஜ் பெயர், எதிர் ஸ்டாப்பில் நிற்பவர்கள் பார்வை எல்லாம் கலந்திருக்கும். நாற்பது வயதுக்காரர் புத்திமதி சொன்னால் கைதட்டல்தான் கிடைக்கும். நாம் செய்யக்கூடிய உருப்படியான ஒன்று இருக்கிறது. கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, “உள்ளே வந்தாதான் வண்டி எடுப்போம்” என்று நிற்பார். அப்போது உள்ளே இருக்கும் நாம் என்ன செய்கிறோம்? “எடுப்பா, ஆபீசுக்கு லேட் ஆகுது” என்று டிரைவரைத் திட்டுகிறோம். அந்த நொடியில் பையன்கள் ஜெயித்துவிடுகிறார்கள். அதற்குப் பதில், “உள்ள வாங்கப்பா, எல்லாரும் வெயிட் பண்றாங்க” என்று நாலு குரல் கண்டக்டர் பக்கம் எழுந்தால் இரண்டு நிமிஷத்தில் வண்டி கிளம்பும். இந்த ஒன்றை மட்டும் உங்கள் வழக்கமான பஸ்ஸில் செய்து பாருங்கள்.

9. கண்டக்டரை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு ஸ்டேஜ் வருவதற்குள்ளும் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை. செக்கிங் ஏறினால் கேள்வி அவருக்கும் வரும். அந்த அவசரத்தில் “அந்த ஆளைக் கொஞ்சம் கேளுங்க” என்று போய் நின்றால் எரிந்து விழுவார். டெர்மினஸில் டீ குடிக்கும்போது பேசுங்கள். தினமும் ஒரே வண்டியில் போகிறவர் என்றால் உங்கள் முகம் அவருக்குத் தெரியும். சரியான சில்லறையோ ஜிபேயோ தயாராக வைத்திருப்பவர் சொல்லுக்கு அவரிடம் மதிப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீசன் டிக்கெட் கோஷ்டிகளுக்கு இன்னும் பலம் உண்டு. ஒரே ரயில், ஒரே பெட்டி, ஒரே முகங்கள். அதில் ஐந்து பேர் பையை முன்பக்கம் மாட்ட ஆரம்பித்தால் அந்தப் பெட்டியின் வழக்கமே மாறும். ஆனால் அதே கோஷ்டிதான் சீட்டில் கைக்குட்டை போட்டு “ஆள் வராங்க” என்று இடம் பிடிக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

அறிவிப்பு எழுதி ஒட்ட நினைக்கும் பள்ளி, கல்லூரிகள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே ரயில், பஸ்களில் ஸ்டாண்ட்-அப் ஸ்டேசி, மூவ்-இன் மார்ட்டின் என்று கார்ட்டூன் பாத்திரங்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார், இன்னொருவர் உள்ளே நகர்வார், ஆளுக்கு ஒரே ஒரு வேலைதான். நம் ஊர் அறிவிப்புகளோ பத்து “கூடாது”களை ஒரே பலகையில் அடைத்து வைக்கின்றன. படிப்பதற்குள் ஸ்டாப் வந்துவிடும்.

10. மறுத்தால், மிரட்டினால்

இரண்டு தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை அது வாக்குவாதம். நகர்ந்துவிடுங்கள், மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டி மாறலாம். தெரியாதவரை வீடியோ எடுத்து இணையத்தில் போடாதீர்கள். சத்தமாகப் பாட்டுக் கேட்டதற்கு அது ரொம்பப் பெரிய தண்டனை, சில சமயம் அடிதடியில் முடியும்.

சீண்டல், குடிபோதை, ஆயுதம் என்றால் நேராக உதவியைக் கூப்பிடுங்கள். ரயிலில் 139, பெண்களுக்கு 181, எதற்கும் 112. மெட்ரோ பெட்டியில் ஓட்டுநரிடம் பேசும் அவசரப் பொத்தான் இருக்கிறது. பஸ்ஸில் பெண்களிடம் தவறாக நடக்கும் ஆணை இறக்கிவிடவும் போலீசில் ஒப்படைக்கவும் கண்டக்டருக்கு 2022-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் அதிகாரம் கொடுக்கின்றன. பாதிக்கப்பட்ட பெண்ணிடம், “அக்கா, இந்தப் பக்கம் வாங்க” என்று இடம் மாற்றிக் கொடுப்பதை முதலில் செய்யுங்கள். அந்த ஆளைப் பார்த்துக்கொள்வது அப்புறம்.

புகார் எழுதுவதென்றால் டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். தடம் எண், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். வண்டியின் பதிவு எண்ணையும் எந்த ஸ்டாப்புகளுக்கு நடுவில் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நல்ல கண்டக்டரைப் பாராட்டி எழுதவும் இதே விவரங்கள்தான் வேண்டும், அதையும் எழுதுங்கள்.